நடந்தால் சக்கரை

தனபாலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் போர்வெல் போடுகிற ரிக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவரும் அங்கிருந்துதான் தொடங்குவார். புதுச்சத்திரத்திலிருந்து கிழக்கே பிரியும் சாலையில், இரண்டு கோழிப்பண்ணைகளைத் தாண்டியதும் பச்சைக் கேட் போட்ட வீடு வரும். அந்தக் கேட்டின் நடுவில் இரும்புத் தகட்டில் வெட்டி ஒட்டிய ரிக் வண்டி ஒன்று இருக்கும். சாலையில் போகிற எவனும் இது யார் வீடு என்று கேட்டுவிடக் கூடாது என்பதில் மனுஷன் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்.

பதினெட்டு வயதில் போர்வெல் ரிக்கில் ஹெல்ப்பராக ஏறினார். பிறகு டிரில்லர் ஆனார், கடைசியில் ஒரு வண்டியில் சிறு பங்குக்காரரும் ஆனார். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று தண்ணீர் இல்லாத ஊராகப் பார்த்துப் பார்த்துப் போய்ப் பூமியைத் துளைத்தார். ரிக்கில் இரும்பு ராடு என்று ஒன்று உண்டு. ஒன்றோடொன்று கோத்துக் கோத்துத்தான் குழிக்குள் இறக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து புரட்டுகிற ராடைத் தனபால் இளவட்டத்தில் ஒற்றை ஆளாக நெம்பி நிறுத்துவார் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். அவரும் சொல்வார். அவர் சொல்வதுதான் அதிகம்.

முப்பத்து மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை மாரியம்மன் நோம்பிக்கு வருவார், மூன்று வாரம் இருப்பார், போய்விடுவார். மீதி நாளெல்லாம் தோட்டத்தைப் பார்த்தவள் அவர் மனைவி அத்தாயி. இரண்டரை ஏக்கர் நிலம், மூன்று எருமை, ஒரே மகள் சத்யபிரியா, மாமியார் மாமனார் இருந்த வரைக்கும் அவர்களும். குச்சிக்கிழங்கு நடுவதும் கடலைக்காய் பிடுங்குவதும் தீவனம் அறுப்பதும் பால் கறப்பதும் அவள்தான். ஒரு நோம்பிக்கு வந்திருந்தபோது தனபால் ஒரு காட்சியைப் பார்த்தார். சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள், இறக்கிவிட ஆளில்லாமல், மாட்டுக் கட்டுத்தரைச் சுவரில் சாய்ந்து, முழங்காலை முட்டுக்கொடுத்துத் தானே இறக்கினாள். இறக்கிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டுக்குத் திரும்பிப் போனாள். இவளை ஒருநாள் உட்கார வைத்துச் சோறு போடாவிட்டால் நான் சம்பாதித்து என்ன பிரயோசனம் என்று தனபால் அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அந்த முடிச்சு நல்ல மனதோடு போட்டதுதான். அதை நான் மறுக்கவில்லை. பின்னால் நடந்தது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவரைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஐம்பத்தோரு வயதில் பங்கை விற்றுவிட்டு ஊரோடு வந்தார். சொன்னபடி செய்தார். நிலத்தைக் காளியப்பன் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டார். எருமைகளை விற்றார். வீட்டுக்கு டைல்ஸ் போட்டார், சோபா வாங்கினார், துணி துவைக்க மிஷின் வாங்கினார், தண்ணீரைக் குடத்தில் தூக்கக் கூடாது என்று மாடியில் டேங்க் வைத்துச் சமையலறை வரைக்கும் குழாய் இழுத்தார். எருமைகள் வேனில் ஏறிப் போன அன்று அத்தாயி பின்னாலேயே கேட் வரைக்கும் போய் நின்றாள். "கண்ணத் தொடச்சுட்டு வா புள்ள, இனி உனக்கு ராணி வாழ்க்க" என்றார் தனபால்.

ராணி உட்கார்ந்தாள். ராஜாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் டீக்கடைக்குக்கூட வண்டியில்தான் போவார். நடந்து போனால் நானூறு அடி இருக்கும். மூன்று நான்கு வருஷத்தில் அவருக்கு வயிறு முன்னால் வந்தது. அவளுக்கு உடம்பு பெருத்து முழங்கால் பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடினாள்.

மாதம் ஒருமுறை வீடு வீடாக வருகிற நர்சம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சக்கரை இல்லை, பிரஷர் இல்லை. காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, இது நோவு இல்லீங்க. பொழுதுக்கும் ஓடிட்டிருந்த காலு, நிறுத்திப்போட்டீங்க. தொடையில சதை போயிட்டே இருக்குது. தெனம் காத்தால அரை மணி நேரம் நடங்க. கீழ உக்காந்து எந்திரிச்சுப் பழகுங்க. இப்ப உட்டீங்கன்னா அப்பறம் புடிக்க முடியாது." பிறகு தனபாலைப் பார்த்தாள். "ஐயாவுந்தான்."

தனபால் சிரித்தார். "இது வேல செஞ்ச ஒடம்பு அம்மிணி. முப்பத்து மூணு வருசம் ராடு தூக்குனது. இதுக்கு ஒண்ணும் ஆவாது."

"அது அன்னைக்குச் செஞ்சதுங்க" என்று சொல்லிவிட்டு நர்சம்மா பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வேலை செய்த உடம்பு. எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தையைச் சொல்லாத ஆண்பிள்ளை கிடையாது. லாரி ஓட்டினவன், ரிக்கில் போனவன், தறி ஓட்டினவன், கிணறு வெட்டினவன், எல்லோரும் சொல்வார்கள். ஒரு காலத்தில் செய்த வேலை உடம்புக்குள் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, கூப்பிட்டால் வரும் என்று ஒரு நம்பிக்கை. தனபாலும் அப்படித்தான் நம்பினார். கூப்பிட வேண்டிய நாள் வரும் வரைக்கும் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அத்தாயி நடக்க ஆரம்பித்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. கோழிப்பண்ணைக்கார வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு, காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்புவாள். முதல் வாரம் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். மூன்றாவது வாரம் கரைமேல் ஏறிவிட்டாள். இரண்டு மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்தாள். அதை அவள் தனபாலை அழைத்துக் காட்டினாள். சமையலறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது என்று தனபால் இப்போது சொல்கிறார். அன்றைக்கு "ம், சரி, காப்பி வை" என்றுதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் சத்யபிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரோக்கர் மாதேஸ்வரன் ஒரு நாள் வந்தார். டீ குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், முட்டை விலையைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்ல ஆருக்காச்சும் சக்கரைங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அக்கா காத்தால ரோட்ல நடக்கறாங்களாமா. ஒரு எடத்துல கேட்டாங்க. சக்கர இல்லாம எவளாச்சும் காலைல கைய வீசிட்டு நடப்பாளான்னு கேக்கறாங்க. அம்மாளுக்கு இருந்தா பொண்ணுக்கு வரும், நாளைக்கு மாசமா இருக்கறப்பக் கஷ்டம்னு, சாதகத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அத்தாயிக்குச் சக்கரை இல்லை என்பதற்குச் சீட்டு பீரோவில் இருந்தது. ஆனால் சீட்டை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட முடியுமா? தனபால் அன்று முழுக்க யோசித்தார். சாயங்காலம் அத்தாயியிடம் சொன்னார்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இந்த ரோட்டுல இருவத்தஞ்சு வருசம் நடந்தவங்க நானு. சாணிக் கூடை தூக்கிட்டு நடந்தேன், தட்டுக்கட்டு தூக்கிட்டு நடந்தேன். அப்ப ஒருத்தரும் சக்கரைங்கல. இப்ப வெறுங்கையோட நடந்தாத்தான் சக்கரையா?"

"நான் சொல்லல புள்ள, ஊரு சொல்லுது."

"அப்ப ஒரு எருமையாச்சும் வாங்கிக் குடுங்க. அதப் புடிச்சுட்டு நடந்தா வேலைன்னு நெனச்சுக்குவாங்க."

நல்ல யோசனைதான். இன்றைக்கு யோசித்தால் ஒரு எருமை போதும், எல்லாம் வேறாகியிருக்கும். ஆனால் தனபாலுக்குச் சுருக்கென்றது. ராணியாக உட்கார வைத்தவள் மறுபடியும் சாணி அள்ளினால் ஊர் என்ன சொல்லும்? ரிக் பங்குக்காரன் நொடித்துப்போனான் என்றுதானே சொல்லும்? "எம்பொண்டாட்டி சாணி அள்ற காலம் முடிஞ்சு போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு அவள் முகம் வாடினதைப் பார்த்து இறங்கி வந்தார்.

"ஒரு ஆறு மாசம் பொறுத்துக்க. கலியாணம் முடியட்டும். அப்பறம் தெனம் நட. நானே கூட வாரேன்."

அத்தாயி மறுநாள் போகவில்லை. கோழிப்பண்ணைப் பெண்கள் கேட்டருகே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலைந்து நாள் வீட்டைச் சுற்றி வாசலுக்குள்ளேயே நடந்தாள். சாலையிலிருந்து தெரிகிறது என்று தனபால் சொன்னதும் அதையும் விட்டாள். மகளுக்காக என்றால் ஒரு தாய் எதைத்தான் விடமாட்டாள்.

கல்யாணம் நன்றாகவே முடிந்தது. எருமப்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை இளஞ்செழியன் ஓசூரில் இன்ஜினீயர். அவன் அம்மா மலர்விழி பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கல்யாணம் முடிந்த மாதத்தில் அத்தாயி கேட்டாள். "இனி போலாமுங்களா?"

"சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்து போயிட்டு இருக்கறாங்க. நாளாவட்டும்."

இன்னொரு தடவை கேட்டாள்.

"பிரியாவுக்கு ஒரு கொழந்த ஆவட்டும். அதுக்கப்பறம் எவன் என்ன சொன்னா என்ன."

பேத்தி பிறந்தாள். அதற்கப்புறம் அத்தாயி கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைத் தனபால் கவனிக்கவும் இல்லை. கேட்காத கேள்வியைக் கவனிக்கிற பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது. சோபாவில் அவளுக்கென்று ஒரு குழி விழுந்தது, அவருக்கென்று ஒரு குழி. முழங்கால் மறுபடியும் பிடித்துக்கொண்டது. தைலம் வந்தது, மாத்திரை வந்தது, மருந்துக் கடையில் வாங்கிய முழங்கால் உறை வந்தது. கோயிலுக்குப் போனால் நாற்காலி கேட்டாள். பேத்தி தரையில் உட்கார்ந்து கூப்பிட்டால் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினாள்.

போன புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பின்பக்கம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்குக் கால் மடங்கிவிட்டது. பொத்தென்று உட்கார்ந்தாள். "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். தனபால் போய்ப் பார்த்தார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. உள்ளங்கை சிராய்த்திருந்தது, அவ்வளவுதான். அவளே சிரித்தாள்.

"எந்திரிக்க முடியலீங்க. கொஞ்சம் தூக்கி உடுங்க."

தனபால் பின்னால் நின்று அவள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். வரவில்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினார். கொஞ்சம் வந்தது, இறங்கிவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அத்தாயி சொன்னாள், "காளியப்பண்ணன் காட்டுலதான் இருப்பாரு, கூப்பிடுங்க." பக்கத்துச் சோளக்காட்டில்தான் அவர் இருந்தார். ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.

சத்தம் கொடுக்கவில்லை. தன் பெண்டாட்டியைத் தூக்க இன்னொருத்தனைக் கூப்பிடுவதா? "இரு, இரு" என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் வந்து, அவளை மார்போடு அணைத்து, ராடு தூக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்து ஒரே எம்பாக எம்பினார். எழுந்துவிட்டாள். பாதிக்குமேல் எழுந்துவிட்டாள். அவள் பாதம் தரையில் ஊன்றப் போகிற நேரம். அந்த இடத்தில் தனபாலின் முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. முதுகில் எதுவோ சுண்டி இழுத்தது. கை தானாக விரிந்தது.

அத்தாயி துவைக்கிற கல்லின் விளிம்பில் இடுப்பு பட விழுந்தாள். காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அப்புறம் காளியப்பன் தானாகவே ஓடி வந்தார். அலறல் அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது. காளியப்பனுக்குத் தனபாலைவிட ஐந்து வயது கூட. ஒல்லியான ஆள், தினமும் மண்வெட்டி பிடிக்கிறவர். அவரும் அவர் மனைவியும் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து அத்தாயியை அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். காளியப்பனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. தனபால் பின்னால் செருப்பில்லாமல் ஓடினார்.

நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி. இடுப்பு மூட்டில் எலும்பு உடைந்திருந்தது. "எப்படி விழுந்தீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார். தனபால் வாயைத் திறப்பதற்குள் அத்தாயி, "ஈரத்துல வழுக்கிட்டுதுங்க" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு தனபாலைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"எலும்பைச் சேர்க்க உள்ளே ஒரு ராடு வைக்கணும். அது பிரச்சினை இல்லை. ஆனா தொடையில சதையே இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் எந்திரிச்சு நடக்கிறதுக்கு அந்தச் சதைதான் வேணும். எவ்வளவு தூரம் வரும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

ராடு என்ற சொல்லைத் தனபால் வாழ்நாள் முழுக்க எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கு அது காதில் விழுந்ததும் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் சம்பந்தி மலர்விழி வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். அறுபது தாண்டியவர், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடி படியேறி வந்து, கட்டிலருகே நின்றுகொண்டே பேசினார். நல்ல மனுஷி. ஆறுதலாகத்தான் பேசினார். மனதில் கல்மிஷம் இருந்திருந்தால் தனபாலுக்கு அது தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

"தைரியமா இருங்க சம்பந்தி. நீங்க எந்திரிச்சு நடந்திருவீங்க. நடந்து பழகுன காலுதானே. உங்களுக்குத் தெரியுங்களா, பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாடி நாங்க இந்தப் பக்கம் விசாரிச்சப்ப, அந்தம்மா தெனம் ஏரிக்கரை வரைக்கும் நடக்கறவங்கன்னு ஒருத்தர் சொன்னார். எங்க ஊட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன், ஒடம்ப இப்படிப் பாத்துக்கற அம்மா வளத்த பொண்ணுன்னா நம்பி எடுக்கலாம்னு. நானும் இருவது வருசமா நடக்கறேன். சம்பந்தியும் சம்பந்தியும் சேந்து நடக்கலாம்னு நெனச்சுட்டு வந்தா, அதுக்கப்பறம் நீங்க நடந்து நான் பாக்கவே இல்ல. ஏன் உட்டுட்டீங்க?"

அத்தாயி தலையைத் திருப்பித் தனபாலைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தலையைக் குனிந்திருப்பார். அவள் சும்மா பார்த்தாள், ஒரு விஷயத்தை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்கிற ஆள் பார்ப்பதுபோல. பிறகு மலர்விழியிடம், "முட்டி வலிங்க சம்பந்தி" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள் ரஞ்சிதா வந்தாள். பிசியோதெரபி படித்த பெண், ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைப்பாள், எட்டு வைக்க வைப்பாள், காலில் மணல் பை கட்டித் தூக்க வைப்பாள். முதல் நாளே தனபாலிடம் சொன்னாள்.

"ஐயா, அம்மாவப் புடிக்கறது நீங்கதான். அதனால உங்களுக்கும் பலம் வேணும். இந்தச் சேர்ல உக்காருங்க. கையால புடிக்காம எந்திரிங்க. பத்துத் தடவ."

தனபால் நான்கு தடவை எழுந்தார். ஐந்தாவது தடவை பாதியில் நின்று, கை தானாகச் சேரைத் தேடியது. அத்தாயி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக அவர் அதைத் தினமும் செய்கிறார். இப்போது இருபது தடவை எழுகிறார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீக்கடைக்கு நடந்து போகிறார். அறுபத்து மூன்று வயதில் தொடையில் கெட்டியாகச் சதை பிடித்திருக்கிறது. இந்த வயதிலும் வரும், செய்தால் வரும் என்று ரஞ்சிதா சொன்னது உண்மைதான் என்று தெரிந்தபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இவ்வளவுதானா, இது இவ்வளவு லேசில் வருகிற சமாசாரம்தானா என்று நினைத்து அழுதார்.

அத்தாயிக்கு அப்படி வரவில்லை. கட்டிலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல். வாக்கர் இல்லாமல் ஓரடி கிடையாது. மாசி மாதத்தில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் நடை இனி வீட்டளவுதான், வெளியே போக வேண்டுமானால் சக்கர நாற்காலி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வாசலில் வேப்பமர நிழலில் சேர் போட்டு அவளை உட்கார வைத்தார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்ததை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"ஏம்புள்ள. அன்னைக்கு நீ மொதல்ல உழுந்தப்ப ஒண்ணும் ஆவல. ரெண்டாவது, நான் கைய உட்டனே, அதுலதான் ஒடஞ்சுது. எனக்குச் சத்தம் கேட்டுது."

"எனக்கும் கேட்டுதுங்க."

"டாக்டர்கிட்ட வழுக்கிட்டுதுன்னு சொன்னியே."

"பின்ன என்னத்தச் சொல்றது."

"காளியப்பனக் கூப்பிடச் சொன்ன. நான் கூப்பிடல. என்னாலதான் உனக்கு இப்படி ஆயிப்போச்சு புள்ள. ஒருக்காச்சும் என்ன ரெண்டு வார்த்த திட்டிப்போடு. நீ ஒண்ணுஞ்சொல்லாம இருக்கறது என்னால தாங்க முடியல."

அத்தாயி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு காலத்தில் காய்ப்புக் காய்த்த கை. அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"கைய உட்டது உங்க தப்பு இல்லீங்க. பாரம் தாங்கல, உட்டுட்டீங்க. வேணும்னா உட்டீங்க? அதுக்காவ நான் உங்கள என்னைக்கும் கொறை சொல்ல மாட்டேன். அத நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

தனபாலின் கண்ணில் நீர் முட்டியது. ஐந்து மாதப் பாரம் இறங்கியதுபோல ஒரு மூச்சு வந்தது.

"நடக்க உடாம வச்சீங்கல்ல" என்றாள் அத்தாயி, அதே குரலில், கையைத் தடவுவதை நிறுத்தாமல். "அது கை தளந்து உட்டது இல்லீங்க. ரெண்டு பேரும் நல்லா இருந்தப்ப, ஒரு நாள் முழுக்க யோசன பண்ணி, வந்து சொன்னீங்க. அதத்தான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. தனபாலுக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க அவர் ஐந்து மாதமாக ஒத்திகை பார்த்த குற்றம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்து போயிற்று. ஒருநாளும் குற்றம் என்று நினைக்காதது அவர் முன்னால் அப்படியே நின்றது.

வெயில் மரத்தடிக்குள் நகர்ந்து வந்தது. அவள் கால்மேல் விழுந்தது.

"உள்ள போலாமுங்க" என்றாள்.

தனபால் எழுந்து வாக்கரை அவள் முன்னால் வைத்தார். அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். முழங்கால் ஆடவில்லை, முதுகு சுண்டவில்லை. அத்தாயி சுலபமாக எழுந்துவிட்டாள். "இப்ப நல்லாத் தூக்கறீங்க" என்றாள்.